ஊழும் தெரிவும்: ஆடிக் கலவரம் எழுப்பும் கேள்வி

(கொழும்பு, வெள்ளவத்தையில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மனிதன் தன் செயலைத் தானே தெரிவு செய்கிறானா, அல்லது முன்னரே தீர்ந்துபோன ஒன்றைத்தான் செய்து முடிக்கிறானா? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி. தத்துவ நூல்களிலே பேசிப் பேசித் தேய்ந்த கேள்வி இது. ஆனால் அதை நான் ஏட்டுக் கேள்வியாக உங்கள் முன் வைக்க வரவில்லை. இந்த மண்டபத்துக்கு வெளியே, காலி வீதியிலும் அதிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளிலும் நடந்த காரியங்களை முன்னிறுத்தியே பேசப்போகிறேன்.

முதலில் எதிர்த்தரப்பு வாதத்தை அதற்குரிய பலத்தோடு சொல்லிவிடுகிறேன். ஒருவன் ஒரு காரியத்தைச் செய்கிறான். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கும் முந்திய காரணங்கள் உண்டு: அவன் பிறந்த வீடு, வளர்ந்த தெரு, படித்த பாடப்புத்தகம், காதில் விழுந்த பேச்சு, அவனுக்கு வாய்த்த மூளை. இவற்றில் ஒன்றைக்கூட அவன் கேட்டு வாங்கவில்லை. அப்படியிருக்க, அவன் செய்ததை அவனுடைய தெரிவு என்று எப்படிச் சொல்வது? நம் வீடுகளில் இதே வாதம் வேறு உருவில் தினமும் ஒலிக்கிறது. "எல்லாம் தலையெழுத்து" என்கிறோம். "விதிச்சதுதான் நடக்கும்" என்கிறோம். ஆய்வுகூடங்களில் விதியின் இடத்துக்கு நரம்பணு வந்திருக்கிறது. அமெரிக்க நரம்பியல் அறிஞர் ரொபேர்ட் சபோல்ஸ்கி, மனிதனுக்குச் சுதந்திரமான விருப்பம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதை நிறுவுவதற்காக 2023 ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலே எழுதி வெளியிட்டார். எளிதாகத் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை இது.

மணிக்கட்டும் மூளையும்

1983 ஆம் ஆண்டு இந்தக் கேள்வியைப் பொறுத்தவரை இரண்டு வகையில் முக்கியமானது. ஒன்றை உலகம் அறியும். மற்றதை நாம் அறிவோம். உலகம் அறிந்ததை முதலில் சொல்கிறேன்.

அந்த ஆண்டிலே, சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்ஜமின் லிபெற் என்ற அறிஞர் தம் குழுவினரோடு சேர்ந்து ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். ஒருவரை நாற்காலியில் இருத்தி, அவர் தலையில் மின்வாய்களைப் பொருத்தினார்கள். அவர் முன்னால் இருந்த திரையில் ஓர் ஒளிப்புள்ளி வட்டமாகச் சுற்றியது. ஒரு சுற்றுக்கு 2.56 செக்கன். மனதில் தோன்றும் நேரத்தில் அவர் மணிக்கட்டை அசைக்க வேண்டும். அசைப்போம் என்ற எண்ணம் எழுந்த கணத்தில் புள்ளி எந்த இடத்தில் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வேலை இவ்வளவுதான்.

கிடைத்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. கை அசைவதற்கு ஏறத்தாழ 550 மில்லிசெக்கனுக்கு முன்பே மூளையில் ஓர் ஆயத்த மின்னலை எழும்பத் தொடங்கியிருந்தது. அசைக்கப்போகிறேன் என்ற எண்ணத்தை அந்த மனிதர் உணர்ந்ததோ அசைவுக்குச் சுமார் 200 மில்லிசெக்கனுக்கு முன்புதான். மூளை தொடங்கிய ஒரு செக்கனின் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குப் பிறகே மனிதருக்கு விசயம் தெரிகிறது. முடிவை எடுத்தது யார்? மனிதரா, மூளையா? 2008 இல் ஜெர்மனியில் ஜோன் டிலான் ஹேன்ஸின் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒருவர் இடக்கைப் பொத்தானை அழுத்துவாரா வலக்கைப் பொத்தானை அழுத்துவாரா என்பதற்கான தடயம், அவர் முடிவை உணர்வதற்கு ஏழு செக்கன் அளவுக்கு முன்பே மூளைப் படத்தில் தெரிகிறது என்று அறிவித்தார்கள். சுதந்திரத்தின் கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின.

முடிந்துவிட்டதா? அந்த ஏழு செக்கன் கணிப்பு ஏறத்தாழ 60 சதவீதந்தான் சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 சதவீதம் சரிவரும். 2012 இல் ஆரோன் ஷூர்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும், லிபெற் கண்ட அந்த அலை ஒரு முடிவின் அடையாளமாகவே இருக்க வேண்டியதில்லை என்று காட்டினார்கள். மூளையில் எந்நேரமும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் அசைவுகள் தற்செயலாக ஓர் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது. அந்த ஏற்றங்களைப் பின்னோக்கிச் சராசரி பார்த்தால் முன்கூட்டியே தொடங்கிய அலைபோலத் தோன்றும். இது அவர்களுடைய விளக்கம். லிபெற்கூட மனிதச் சுதந்திரத்தை மறுத்தவர் அல்லர். எண்ணம் எழுந்த பிறகும் கை அசைவதற்கு முன் ஒரு சிறு இடைவெளி எஞ்சியிருக்கிறது, அந்த இடைவெளியில் மனிதனால் "வேண்டாம்" என்று நிறுத்த முடியும் என்று அவர் இறுதிவரை வாதாடினார். இந்த "வேண்டாம்" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது 2019 இல் யூரி மாஓஸ் முதலானோர் செய்த ஆய்வு. அவர்கள் பங்குபற்றியவர்களிடம் இரண்டு வகையான தெரிவுகளைக் கொடுத்தார்கள். ஒன்று, எந்த விளைவும் இல்லாத வெறும் பொத்தான் அழுத்தல். மற்றது, இரண்டு தொண்டு நிறுவனங்களில் எதற்கு உண்மையாகவே நன்கொடை போக வேண்டும் என்ற தீர்மானம். விளைவில்லாத தெரிவின்போது லிபெற் கண்ட அதே ஆயத்த அலை தென்பட்டது. பொருள் பொதிந்த தெரிவின்போது அது தென்படவில்லை. மணிக்கட்டை இப்போது அசைப்பதற்கோ ஒரு செக்கன் பிந்தி அசைப்பதற்கோ எந்த நியாயமும் கிடையாது. நியாயமே இல்லாத இடத்தில் மூளையின் சலனம் தீர்மானிக்கிறது என்றால் அதில் வியப்பில்லை. நியாயங்கள் மோதும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். அதற்கு நாம் ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

வாக்காளர் இடாப்பு

அதே 1983 ஆம் ஆண்டு, ஜூலை 23, சனிக்கிழமை இரவு. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை பொரளை கனத்தை மயானத்தில் அவர்களை அடக்கம் செய்ய ஏற்பாடாகியிருந்தது. அங்கே கூடிய சனக்கூட்டம் அன்றிரவே பொரளையில் தமிழர்களின் கடைகளையும் வீடுகளையும் கொளுத்தத் தொடங்கியது. 25 ஆம் திகதி திங்கட்கிழமை அந்த வன்முறை வெள்ளவத்தைக்கு வந்தது. ஊரடங்குச் சட்டம் வருவதற்குள் பல வீதிகள் எரிந்துவிட்டன. அன்றும், பிறகு 27 ஆம் திகதியும், வெலிக்கடைச் சிறைக்குள்ளே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இறந்தோர் சில நூறு பேர் என்றது அரசாங்கக் கணக்கு. மூவாயிரம் வரை என்று தமிழர் தரப்பில் மதிப்பிட்டார்கள். இரத்மலானை விமான நிலையத்திலும் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் மக்கள் அகதிகளாகக் குவிந்தார்கள். "லங்கா கல்யாணி" கப்பலில் ஏறிக் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும். உங்களுக்கு நான் அந்த ஆடிக் கலவர நாட்களை விவரிக்கத் தேவையில்லை.

நான் கேட்க விரும்புவது, அந்த நாட்களுக்கு அன்று சொல்லப்பட்ட விளக்கத்தைப் பற்றி. 28 ஆம் திகதி நாட்டு மக்களுக்கு உரையாற்றிய ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன, நடந்ததைப் பயங்கரவாதத்துக்குச் சிங்கள மக்கள் காட்டிய எதிர்வினையாகவே எடுத்துச் சொன்னார். வடக்கில் ஒரு காரணம், தெற்கில் ஒரு விளைவு. நடுவிலே மனிதர் எவரும் இல்லை. விதிவாதம் அரசியலுக்கு வந்தால் எடுக்கும் வடிவம் இதுதான். எவரும் தெரிவு செய்யவில்லை என்றால் எவரும் பொறுப்பாளி இல்லை. வெலிக்கடைக் கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை என்பதை இந்த விளக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் தீ வைக்க வந்தவர்களின் கையிலே வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த இலக்கத்து வீட்டில் தமிழர், எந்தக் கடை தமிழருடையது, எந்த வீட்டில் சிங்களவருக்குச் சொந்தமான கட்டடத்தில் தமிழர் வாடகைக்கு இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். வாடகை வீடென்றால் தளபாடங்களை மட்டும் வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்தி, கட்டடத்தை விட்டுவிட்ட இடங்களும் உண்டு. கோபத்துக்கு வாக்காளர் இடாப்பு தேவைப்படாது. அந்த இடாப்பை ஒருவர் அலுமாரியிலிருந்து எடுத்தார். இன்னொருவர் லொறிக்கு ஏற்பாடு செய்தார். வேறொருவர் பெற்றோல் கொடுத்தார். ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதர் நின்றார், ஒவ்வொருவருக்கும் "வேண்டாம்" என்று சொல்ல நேரம் இருந்தது. திட்டமிட்டுச் செய்கிறவன் தன் திட்டத்தினாலேயே தன் தெரிவுக்குச் சாட்சி சொல்கிறான்.

மூடித் திறந்த கதவு

மறுபக்கத்தையும் பார்ப்போம். அன்று உயிர் தப்பிய வெள்ளவத்தைத் தமிழர்கள் பலரின் கதையில் ஒரு சிங்களக் குடும்பம் வருகிறது. சில கதைகளில் ஒரு பறங்கியர் வீடு, சிலவற்றில் ஒரு முஸ்லிம் வீடு. அப்போது பாடசாலை மாணவியாக இருந்த ஓர் அம்மா எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம்.

கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வீடு. திங்கட்கிழமை முற்பகல், காலி வீதிப் பக்கம் புகை எழும்புவதைக் கண்டதும் தாய் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பின்வளவு வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். தகப்பன் வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா, இவர்கள் "அக்கே" என்று கூப்பிடுகிற சிங்களப் பெண், குசினிக் கதவை ஒரு சாண் அளவு திறந்தார். "ஐயோ நங்கி, எங்களையும் சேர்த்துக் கொளுத்துவார்கள், கோயிலுக்குப் போங்கள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கதவை மூடினார். உள்ளே கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. தாயும் பிள்ளைகளும் கிணற்றடியில் நின்றார்கள். போக்கிடம் இல்லை. ஒழுங்கை முனையில் கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

சற்று நேரத்தில் அதே கதவு மீண்டும் திறந்தது. இந்த முறை முழுதாகத் திறந்தது. அக்கே வெளியே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளைகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். தன் சேலைத் தலைப்பால் தாயின் நெற்றிப் பொட்டை அழித்தார். அரிசி மூட்டைகள் வைத்திருந்த சாமான் அறையில் மூவரையும் விட்டுப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு சுளகை எடுத்துக்கொண்டு முன்விறாந்தையில் போய் உட்கார்ந்து அரிசி புடைத்தார். கூட்டம் வந்து கேற்றடியில் கேட்டபோது, இங்கே தமிழர் எவரும் இல்லை என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, வளர்ந்துவிட்ட மகள் திரும்பி வந்து அவரைக் கண்டு, ஏன் கதவைத் திறந்தீர்கள் என்று கேட்டாராம். முதலில் பயம் பேசியது, கதவை மூடிய பிறகுதான் நான் யோசித்தேன், நீங்கள் செத்துப்போனால் அந்தக் கிணற்றில் நான் எப்படித் தண்ணீர் அள்ளுவேன் என்று நினைத்தேன் என்பது அவருடைய பதில்.

இந்த நிகழ்ச்சியை ஒரு பரிசோதனையாக வைத்துப் பாருங்கள். இரண்டு முறை கதவு திறந்ததற்கு இடையில் வெளியுலகில் எதுவும் மாறவில்லை. அதே கூட்டம், அதே பெற்றோல், அதே ஆபத்து. அதே பெண், அதே மூளை, அதே வளர்ப்பு. இடையில் நடந்தது யோசனை ஒன்றுதான். முதலில் எழுந்த செயலை அவர் தானே திருத்தினார். லிபெற் ஆய்வுகூடத்தில் தேடிய "வேண்டாம்" இதுவே. அங்கே அது மில்லிசெக்கன்களில் அளக்கப்பட்டது. இங்கே ஒரு மனுசி அதைக் கதவுக்குப் பின்னால் நின்று தேடிக் கண்டெடுத்தார்.

விதிவாதி விடமாட்டார். அந்த யோசனைக்கும் காரணம் இருந்தது, அவர் வளர்ந்த விகாரை, அவருடைய தாயின் குணம், பத்து வருடப் பழக்கம் என்பார். இருந்தது என்றே நானும் சொல்கிறேன். காரணமே இல்லாத செயலைச் சுதந்திரம் என்று நான் கேட்கவில்லை. காரணமில்லாமல் துள்ளும் கை வலிப்பு நோயாளியின் கை. அதை எவரும் அவருடைய செயல் என்று எழுதமாட்டார்கள். ஒரு நியாயத்தை எடை போட்டு, அது தன்னை அசைக்க இடம்கொடுத்து, அதன்படி தன் செயலை மாற்றிக்கொள்ளும் ஆற்றலைத்தான் நான் சுதந்திரம் என்கிறேன். அந்த ஆற்றல் உண்டு என்பதற்குத் திரும்பத் திறந்த அந்தக் கதவு சாட்சி.

சூழலின் பாரம்

ஆனால் அந்த ஆற்றல் எவ்வளவு பலவீனமானது என்பதையும் மறைக்கக்கூடாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி மில்கிராம் 1961 இல் தொடங்கிய பரிசோதனைகளைப் பற்றிப் பலர் அறிந்திருப்பீர்கள். அடுத்த அறையில் இருப்பவர் பிழையாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் மின்னதிர்ச்சி கொடுக்கும்படி ஆய்வாளர் சொல்வார். உண்மையில் மின்சாரம் பாயாது, அடுத்த அறையிலிருந்து வரும் எதிர்ப்பு நடிப்பு. ஆனால் பொத்தானை அழுத்துகிறவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ற் வரை போனார்கள். கொடியவர்களாகப் பொறுக்கி எடுத்தவர்கள் இல்லை, சாதாரண ஊர்மக்கள். 1973 இல் வெளியான இன்னோர் ஆய்வில், பிரின்ஸ்ரன் நகரத்து இறையியல் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேச்சுக் கொடுக்க அனுப்பினார்கள். வழியிலே ஒரு மனிதர் இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார். நேரம் போய்விட்டது என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவீதத்தினர்தான் நின்று உதவினார்கள். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதத்தினர் நின்றார்கள். அவர்களில் சிலர் பேசப் போனதே நல்ல சமாரியன் உவமையைப் பற்றி!

இந்த எண்களைக் கண்டு மனம் சோர்ந்து, மனிதன் சூழலின் பொம்மை என்று முடிவுகட்டுகிறவர்கள் மில்கிராமின் மற்றொரு முடிவைப் படிப்பதில்லை. அதே அறையில் கூட இருந்த இருவர் "நாங்கள் இதைச் செய்யமாட்டோம்" என்று எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் அவர் பார்த்தார். அப்போது 40 பேரில் கடைசி வரை போனவர்கள் 4 பேர் மட்டுமே. எஞ்சிய 36 பேரும் இடையில் நிறுத்தினார்கள். ஒருவருடைய மறுப்பு அடுத்தவருக்கும் மறுக்கும் பலத்தைத் தருகிறது. சுதந்திரம் உண்டா இல்லையா என்று ஒரேயடியாகக் கேட்பது பிழை. அது கூடும், குறையும். பயத்தில் சுருங்கும், துணை கிடைத்தால் விரியும். ஆகவே நாம் ஒவ்வொருவரும் மற்றவருடைய சுதந்திரத்துக்கும் பொறுப்பாளிகள்.

நம் மரபு சொல்வது

இதை நம் முன்னோர் அறியாமல் இல்லை. வள்ளுவர் அறத்துப்பாலை ஊழ் என்ற 38 ஆம் அதிகாரத்தோடு முடித்தார். அங்கே ஊழின் வலிமையைச் சற்றும் குறைத்துச் சொல்லவில்லை. அதே வள்ளுவர் பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்ற 62 ஆம் அதிகாரத்தில், தளராமல் முயல்கிறவர் அந்த ஊழையே புறங்காட்டச் செய்வார் என்கிறார். இரண்டும் முரண் என்று வாதிடுவோர் உண்டு. மனித வாழ்க்கையின் இரண்டு உண்மைகளை அவர் ஒன்றையும் விட்டுக்கொடுக்காமல் பதிவு செய்தார் என்றே நான் படிக்கிறேன்.

எல்லாம் நியதி, முயற்சி என்பதே கிடையாது என்ற கொள்கையைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர்கள் ஆசீவகர்கள். அவர்களுடைய ஆசான் மற்கலி. மணிமேகலையில் ஆசீவகவாதி தம் கொள்கையை எடுத்துச் சொல்கிறார். நீலகேசி ஒரு சருக்கத்தையே அதை மறுப்பதற்கு ஒதுக்குகிறது. புத்தர் மற்கலியின் கொள்கையை மிகக் கடுமையாகக் கண்டித்தார். மனிதன் அனுபவிப்பதெல்லாம் முற்பிறப்பு வினையால்தான் என்று சொன்னவர்களையும் அவர் கேள்வி கேட்டார் என்று பௌத்தத் திரிபிடகத்தைச் சேர்ந்த அங்குத்தர நிகாயம் கூறுகிறது: அப்படியானால் கொலைகாரன் கொலைகாரனாவதும் முற்பிறப்பு வினையால்தானா? இதைச் செய்ய வேண்டும், இதைச் செய்யக்கூடாது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடாதா? ஆடிக் கலவரத்தை "எதிர்வினை" என்று விளக்கியவர்களுக்குப் பதில் அவர்களுடைய திரிபிடகத்திலேயே இருந்தது.

சைவ சித்தாந்தமும் நம்மை வினையின் கைதிகளாக விட்டுவிடவில்லை. பிராரத்தம் என்பது இப்பிறவியில் என் முன் வந்து நிற்பது. அதை எதிர்கொண்டு இப்போது நான் செய்வது ஆகாமியமாகச் சேர்கிறது. வருவது என் கையில் இல்லை, செய்வதில் எனக்குப் பங்கு உண்டு. உயிர் தான் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகிவிடும் என்பதும் சித்தாந்தத்தின் துணிபு. மில்கிராம் நாற்பது பேரை வைத்துக் கண்டறிந்ததும் இதற்கு மிகவும் நெருங்கியது. ஆகவே எதைச் சார்வது, யாரோடு நிற்பது என்பதே உயிரின் முதல் தெரிவு.

கொட்டாஞ்சேனையில் இரண்டு உயிர்த்த ஞாயிறுகள்

இந்தத் தெரிவுக்கு உதாரணமாகக் கொழும்பின் வடக்கிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். ஆடிக் கலவரத்துக்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கிப் போன பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கக் கூட்டம் ஒன்று தாக்கியது. தங்கள் சமயத்தைக் கேலி செய்யும் உருவங்களை ஊர்வலத்தில் கொண்டுவருகிறார்கள் என்ற வதந்திதான் கையில் தடியெடுக்க வைத்தது. அந்த வதந்தியை நம்பாமல் இருந்திருக்கலாம். தாக்கப்பட்ட பௌத்தர்கள் நியாயம் கிடைக்காதபோது பிரம்மஞான சபையின் ஹென்றி ஒல்கொற்றை நாடினார்கள். அவர் 1884 இல் இலண்டனுக்குப் போய் முறையிட்டார். அடுத்த ஆண்டு வெசாக் தினம் பொது விடுமுறை ஆனது. பழிக்குப் பழி என்ற வழி அவர்களுக்கும் திறந்தே இருந்தது. அவர்கள் மனுவை எடுத்தார்கள்.

மற்றது 2019 ஏப்ரல் 21, அதுவும் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் பூசை நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்தது. அன்று நாடு முழுவதும் 250 பேருக்கு மேல் மாண்டார்கள். கர்தினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்கல் கூடாது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். கொட்டாஞ்சேனையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அயலிலுள்ள முஸ்லிம் வீடுகள் மேல் பாயவில்லை. அடுத்த மாதம் மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அங்கே தாக்கியவர்களில் பலர் அந்தக் குண்டுகளில் எவரையும் இழந்தவர்கள் இல்லை. துயரம்தான் வன்முறையை உண்டாக்குகிறது என்றால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

நம் பக்கம்

சபையோரே, மற்றவர்களின் தெரிவுகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கினால் இந்தப் பேச்சு நேர்மையாகாது. 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு 30 ஆம் திகதி கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாக நம்மோடு சந்தையிலும் பாடசாலையிலும் இருந்தவர்கள் உடுத்த துணியோடு புத்தளம் நோக்கிப் போனார்கள். துப்பாக்கிக்கு முன்னால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று அன்று சொன்னோம். பயம் உண்மையான பயந்தான், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் வெள்ளவத்தை அக்கேயின் முன்னால் நின்ற கூட்டமும் உண்மையான கூட்டந்தான். "எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை" என்ற வசனம் நமக்கு எதிராகச் சொல்லப்பட்டபோது அதை ஏற்க மறுத்தோம். அதே வசனத்தை நமக்குச் சாதகமாக மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. அந்த நேரத்தில் முடியவில்லை என்றால், பிறகு பேசியிருக்கலாம். இப்போதும் பேசலாம்.

முடிவாக

மனிதத் தெரிவுகளில் சுதந்திரத்துக்குச் சான்று உண்டா என்ற கேள்விக்கு என் பதில் இது. காரணங்களின் சங்கிலியை அறுத்துக்கொண்டு வானத்திலிருந்து குதிக்கும் ஒரு விருப்பத்துக்குச் சான்று இல்லை, அப்படி ஒன்று நமக்குத் தேவையுமில்லை. நியாயத்தைக் கேட்டுத் தன்னைத் தானே நிறுத்தவும் திருத்தவும் கூடிய ஆற்றலுக்குச் சான்று உண்டு. ஆய்வுகூடத்திலும் உண்டு, இந்த ஒழுங்கைகளிலும் உண்டு. அந்த ஆற்றலை மறுத்தால் தீ வைத்தவர் குற்றத்திலிருந்து விடுபடுவது மட்டுமல்ல, காப்பாற்றியவரின் புகழும் சேர்ந்தே பறிபோகிறது. இரண்டையும் ஒரே எதிர்வினை என்ற பெயரில் எழுதிவிடுவது நம்மைக் காத்த மனிதர்களுக்குச் செய்யும் துரோகம். 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க ஆடிக் கலவரத்துக்காக நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். வெறும் எதிர்வினைக்கு எவரும் மன்னிப்புக் கேட்பதில்லை. செய்யாமல் விட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறவர்தான் மன்னிப்புக் கேட்க முடியும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். கொலைகளையும் இழப்புகளையும் நாம் ஓரளவு எழுதி வைத்திருக்கிறோம். காப்பாற்றியவர்களை எழுதவில்லை. நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்று நாற்பது வயதில் இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள்: யார் வீட்டில் ஒளிந்திருந்தீர்கள், எத்தனை நாள், யார் சோறு தந்தார்கள், கூட்டம் வந்தபோது அவர்கள் என்ன சொன்னார்கள்? மாணவர்களே, கேட்டதை ஒரு கொப்பியில் திகதியோடும் ஒழுங்கைப் பெயரோடும் எழுதுங்கள். அந்தக் குடும்பங்கள் சம்மதித்தால் அவர்களைத் தேடிப் போய் நன்றி சொல்லுங்கள், பெயரையும் பதியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கு உதவிய தமிழர் எவரேனும் இருந்தால் அதையும் எழுதுங்கள். இருவர் மறுத்தால் நாற்பதில் முப்பத்தாறு பேர் நிறுத்துவார்கள் என்று பார்த்தோம். அடுத்த முறை ஒரு கூட்டம் திரளும்போது நம் பிள்ளைகள் மறுப்பதற்குத் துணையாக, முன்பு மறுத்தவர்களின் பெயர்களாவது அவர்கள் கையில் இருக்கட்டும்.